நன்றியுரையில் மல்லிநாதன் பெயர்

ஆரணி
14-9-1986

அன்பு மகள் கனகவதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மற்றபடி எப்படி என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பகவான் அருள வேண்டும். உன் கடிதம் வந்தது. தந்தி கிடைத்ததும் கிளம்பி வராமல் போய்விட்டேனே என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதை மனதில் வைத்துக்கொண்டிருக்காதே அம்மா, தந்தி உன் கைக்கு வந்த நேரத்தில் இங்கே எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவியாகிவிட்டது, நீ ரயிலேறி வந்திருந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. மல்லிநாதன் மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதும்படியும், அழுகிற மாதிரி எழுத வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கவலையே உனக்கு வேண்டாம், உன் அப்பன் அழுகிற விஷயத்தை எடுத்தால்கூட அது எங்கே போய் முடியும் என்பதை ஊரே இப்போது தெரிந்துகொண்டிருக்கிறது.

வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். போன மாதக் கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் மாமாவுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பட்டுக்கடைக்காரர்கள் அரைநாள் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள், தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். ரிட்டயர்டு வாத்தியார் தணிகாசலம் தலைமை தாங்கி, வாழ்க்கை என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசினார், அது என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. பிறகு குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே உன் அம்மா, எங்க அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை ஒழுங்கா பேசுங்க, எதையாவது உளறிட்டு வராதீங்க என்று சொல்லித்தான் அனுப்பினாள். நானும் ஒரு துண்டுச் சீட்டில் அழகாக எழுதி வைத்திருந்தேன், சீட்டு வேறு சட்டைப் பையில் தங்கிவிட்டது. எட்டாவது வரைக்கும் படித்தவன் மைக்கைப் பிடித்தால் வாய் என் பேச்சைக் கேட்குமா, அது பாட்டுக்குப் பழகிய வழியில் போயிற்று. வந்திருந்தவர்களுக்கு நன்றி சொன்னேன், மண்டபத்துக்காரருக்கு நன்றி சொன்னேன், மைக்செட் பன்னீர்செல்வத்துக்கு நன்றி சொன்னேன், அதே வேகத்தில், கடைசியாக இந்த விழாவுக்குப் பாத்திரம், நாற்காலி, ஜமுக்காளம் தந்து உதவிய நமது மல்லிநாதன் அவர்களுக்கும் நன்றி, அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டும் என்று முடித்துவிட்டேன்.

நீயே யோசித்துப் பார், முப்பது வருஷமாக இந்த ஊரில் கல்யாணமோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, நெசவாளர் கூட்டமோ, எதுவாக இருந்தாலும் நன்றியுரை அந்த இடத்தில்தான் போய் முடியும். வாடகைப் பாத்திரக் கடை என்றால் உன் மாமா கடைதான். அன்றைக்குப் போட்டிருந்த நாற்காலிகளும் அவர் கடை நாற்காலிதான், அந்த வகையில் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னவுடன் தணிகாசலம் வாத்தியார் மெதுவாகத் திரும்பி, மாலை போட்டு வைத்திருந்த உன் மாமாவின் படத்தைப் பார்த்தார். மண்டபம் கப்சிப் என்றிருந்தது. நான் நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்து இன்னொரு முறை கும்பிட்டேன். பின் வரிசையில் இருந்து ஒரு சிரிப்பு கேட்டது, கடையில் பாத்திரம் துலக்கும் பச்சையம்மாள். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி மண்டபமே சிரித்தது. சாப்பாட்டுக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்பது வேறு விஷயம், ஒரு பானைத் தண்ணீர்தான் வைத்திருந்தார்கள், அதைக் குடித்துவிட்டுப் போனார்கள். உன் அம்மா மட்டும் தலையைக் குனிந்தபடி எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அன்றையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், சட்டை துவைக்கிறாள், பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கூடத்துத் தூணிடம் சொல்கிறாள். சாப்பாடு ஆறிப் போவுது என்று தூணுக்குத் தகவல் சொன்னால் நான் எழுந்து போய் உட்கார வேண்டும். காலையில் பால்கார வேலு வந்துவிட்டால் தூணுக்கு ஓய்வு. வேலு, உள்ளே ஒருத்தர் பேப்பர் படிச்சிகினு உக்காந்திருக்காரு, அவருக்குக் காப்பிக்குச் சர்க்கரை போதுமான்னு கேளு என்பாள். நான் போதும் என்று என் வாயால் சொன்னாலும் காதில் விழாது, வேலு திருப்பிச் சொன்னால்தான் விழும். அவனும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஏம்மா, எனக்கு இன்னும் பத்து வூட்டுக்குப் பால் ஊத்தற வேலை கீது, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னா மாடு பேஜார் பண்ணுது என்று கும்பிட்டுவிட்டான். இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர எனக்கு உள்ளுக்குள் பயம்தான் கனகா. அண்ணன் போனதற்கு உன் அம்மா இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழ வேண்டியதையெல்லாம் என் மேல் கோபமாக மாற்றி உள்ளே பூட்டிவைத்துக்கொண்டால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்றுதான் யோசனையாக இருந்தது.

அது இருக்கட்டும், நீ கேட்ட மாமா கதைக்கு வருகிறேன். தன் பாத்திரம் தொலைந்து போகக் கூடாது என்று அவர் ஒவ்வொன்றிலும் ஆ.ம. என்று எழுத்து வெட்டி வைத்திருப்பார் அல்லவா, ஆரணி மல்லிநாதன் என்று அர்த்தம். அண்டாவில் இருந்து ஊறுகாய் ஸ்பூன் வரைக்கும் ஆ.ம.தான். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பது அவருக்கு ஒரு வியாதி. மாமா தன் மகன் அனந்தகுமாருக்குப் பெண் பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டு செய்யாறு போனாரே, அப்போது நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், பெண் வீட்டார் மானத்துக்காக மறைத்துவிட்டோம். பெண்ணின் அப்பா அப்பாண்டைநாதன் பெரிய மரியாதைக்காரர், தன் கையாலேயே பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். உன் மாமா டம்ளரை வாங்கினார், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, அப்படியே தலைகீழாகத் திருப்பி அடியில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். பாயசம் பாதி அவர் வேட்டியிலும் மீதி சம்பந்தி மடியிலும் போயிற்று. அப்பாண்டைநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது, டம்ளர் வெள்ளியா எவர்சில்வரா என்று மாப்பிள்ளையின் அப்பா பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார். ஏங்க, எங்க பொண்ணைப் பார்க்க வந்தீங்களா, பாத்திரத்தைப் பார்க்க வந்தீங்களா என்றே கேட்டுவிட்டார். நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். உன் மாமா அசரவில்லை, டம்ளரை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினார். ஆ.ம. என்று இருந்தது. ஆரணிக் கல்யாணம் எதற்கோ வந்தபோது அவர்கள் வீட்டுச் சாமானோடு கலந்து போயிருக்கிறது. உன் மாமா டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க, பொண்ணை மட்டும் குடுங்க என்றார். நிச்சயதார்த்தம் அதோடு முடிந்துவிட்டது, வெற்றிலை பாக்கு மாற்றியது எல்லாம் சும்மா.

அப்புறம் அவர் சாப்பாட்டு விஷயம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்ற நம் சமண நெறியை நம்மில் பாதிப் பேர் ஊர் விட்டு ஊர் போனால் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம், நானே களம்பூர் மில்லில் கணக்கு எழுதிய காலத்தில் லாரி வந்த நாட்களில் விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டவன்தான், பகவான் மன்னிக்கட்டும். உன் மாமா அப்படி இல்லை, பொழுது சாய்ந்தால் வாய்க்குள் ஒரு பருக்கை போகாது. கடை வைத்திருப்பதோ ராத்திரிக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுக்கிற கடை. அதனால் ஊரில் எந்தக் கல்யாணமாக இருந்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாலேயே அவர் ஒருவருக்கு மட்டும் இலை போட்டாக வேண்டும். ஒரு முறை வேலூரில் இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டார்கள். பெரிய பந்தியில் தன்னந்தனியாக ஒருவர் இலை போட்டு, விசிறி வீச ஆள் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்ததும் இவர்தான் ஊர்ப் பெரிய மனிதர் போல என்று நினைத்து மாலையைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டுவிட்டார்கள். உன் மாமா வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு இடக்கையால் ஆசீர்வாதம் செய்தார். பெண்ணின் அப்பா ஓடி வந்தபோது அவருக்கு மாலை மிச்சம் இல்லை.

எண்பதாம் வருஷம் மாசி மாதத்தில் பட்டப்பகலில் கிரகணம் பிடித்ததே, அன்றைக்கு நீ ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாய், அதனால் வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. மாமா கடையின் உள்ளறையில் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தார். விழித்துப் பார்த்தால் வெளியே மங்கலாக இருக்கிறது, தெருவில் ஒரு ஜனம் இல்லை, கடையெல்லாம் சாத்தியிருக்கிறது. மனிதர் கிரகணத்தையே மறந்துவிட்டார், பொழுது சாயப்போகிறது என்று நினைத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறார். ரத்னா, ஜல்தியா எலையப் போடு, பொழுது போயிடப் போவுது, என்னை ஏன் ஒருத்தரும் எழுப்பல என்று சத்தம். ரத்னாவதி அத்தையும் பயத்தில் போட்டுவிட்டாள். பச்சையம்மாள் கொல்லைப்புறத்தில் இருந்து, ஐயோ நயினாரே, கெரகணத்துல துன்னக் கூடாது என்று கத்தினாள். அவர் துன்றதை நிறுத்தாமல், அது உங்களுக்குடி, எனக்குப் பொழுது போனாத்தான் துன்னக் கூடாது என்றார். கை கழுவ வெளியே வந்தால் சூரியன் பளிச்சென்று திரும்பி வந்துகொண்டிருக்கிறது. வாடகைக்குப் பாத்திரம் எடுத்துப் போய் நசுக்கிக் கொண்டுவந்தவனைப் பார்க்கிற மாதிரி அதை ஒரு முறை முறைத்தார் என்று பச்சையம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். சாயங்காலம் மறுபடியும் இலை போடச் சொல்லி உட்கார்ந்தார், கேட்டால், அது முன்ஜாக்கிரதை, இதுதான் சாப்பாடு என்றார்.

உனக்கே ஒரு கதை இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு லாரியில் சாமான் போனபோது குடும்பத்தோடு நாமும் அதிலேயே போனோம். பிள்ளைகள் லாரியில் இருந்து விழுந்துவிடும் என்று உன்னையும் அனந்தகுமாரையும் பெரிய அண்டாவுக்குள் உட்கார வைத்தவர் உன் மாமா. ஆளுக்கு ஒரு முறுக்கும் கொடுத்தார், தின்றுவிட்டு நீங்கள் உள்ளேயே தூங்கிவிட்டீர்கள். இறக்கிய இடத்தில் சமையல்காரன் இருட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் அண்டாவை வைத்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டான். உள்ளே இருந்து நீ போட்ட கூச்சலில் அவன் குடத்தைப் போட்டுவிட்டு வயல் பக்கம் ஓடியவன்தான், சாம்பாரை உன் அம்மா வைத்தாள். மாமா உன்னைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கல்யாணம் முடிகிற வரைக்கும் கீழே இறக்கவில்லை, மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டபோதுகூட நீ அவர் தோளில்தான் தூங்கினாய்.

மற்றபடி அவர் நல்லவர் வல்லவர் என்றெல்லாம் தணிகாசலம் வாத்தியார் சொன்னார், எனக்கு அதெல்லாம் சொல்ல வராது. கடையில் சுமை தூக்குகிற தருமன் ஒன்று சொன்னான், அதை மட்டும் எழுதுகிறேன். கையில் இல்லாத வீடு ஏதாவது கல்யாணத்துக்குப் பாத்திரம் கேட்டு வந்தால், இந்த அண்டா ஓட்டைடா தருமா, ஓட்டைப் பாத்திரத்துக்கு வாடகை வாங்கினா பாவம், சும்மா எடுத்துகினு போகச் சொல்லு என்பாராம். சாமி, அந்தக் கடையில ஒரு ஓட்டை அண்டா நான் பார்த்ததில்ல என்றான் தருமன். போன அன்று காலையிலும் கடைக்குத்தான் போயிருக்கிறார். ஒரு கரண்டி குறையுது, தேடுடா என்று அவனிடம் சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவன் தேடிவிட்டு வந்து, கிடைக்கல மொதலாளி என்று சொன்னதற்குப் பதில் இல்லை. வலியோ சத்தமோ ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அனந்தகுமார் செய்யாறு கம்பெனி வேலையை விட முடியாததால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருகிறான், மற்ற நாட்களில் நான்தான் கடையில் உட்காருகிறேன். அங்கே இருந்தால் தூணோடு போட்டி இல்லை. போன வெள்ளிக்கிழமை தறிக்கார குப்புராஜ் தன் மகள் வளைகாப்புக்குப் பாத்திரம் கேட்டு வந்தான். மாமா போனபிறகு வந்த முதல் ஆர்டர், நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, மூடி போட்ட பித்தளைக் குண்டான் ஒன்று மட்டும் குறைந்தது. எங்கே போவது, வீட்டுச் சமையலறையில் அதே மாதிரி ஒன்று இருக்கிறதே என்று தருமனை அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவனும் எடுத்து வந்து வண்டியில் வைத்துவிட்டான், ரொம்ப கனக்குதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னான், பழைய பித்தளை அப்படித்தான் இருக்கும் என்று நான் அவனுக்குப் பாடம் எடுத்தேன். மறுநாள் விடியற்காலை உன் அம்மா தூணிடம் போய், இந்த வீட்ல நேத்து மத்தியானம் இட்லி மாவு அரைச்சு வச்சிருந்தேன், அதுக்குக் கால் முளைச்சிடுச்சா என்று கேட்டாள். தூண் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப கனக்குதுங்க என்று தருமன் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குப்புராஜ் வீட்டில் இருந்து ஆள் வந்துவிட்டது, ஒரு பெரிய தட்டு நிறைய இட்லி, நயினாரு மாவும் சேத்து அனுப்பறாரே, எங்க மாமனார் காலத்துலகூட இப்படி ஒரு கடை கிடையாது என்று எல்லாரும் சொன்னதாகத் தகவல்.

உன் அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தூணைப் பார்க்கவில்லை. ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா, ஊருக்கெல்லாம் பாத்திரம் குடுத்த மனுஷன் ஒரு நாளாவது எவ வூட்டு மாவையாவது தூக்கி அனுப்பியிருக்காரா, ரெண்டு வாரமா ஊரே சிரிக்குது, அது பத்தலன்னு வளைகாப்பு வூட்டுக்கும் போயி சிரிக்க வைக்கணுமா என்று ஆரம்பித்தாள் பார், குண்டானில் தொடங்கி இரங்கல் கூட்டம் வழியாக நம் கல்யாணத்தில் நான் தாலி முடிச்சை இரண்டு முறை போட்டது வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். கனகா, கச்சேரி கேட்ட மாதிரி நான் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பு நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே இட்லித் தட்டைக் கீழே வைத்தாள், வைத்தவள் அப்படியே சுவரோடு உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டேன். கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங்க, மெட்ராஸ்ல இருந்து ஒரு வரன், திண்டிவனம் பக்கத்துல இருந்து ஒரு வரன், ரெண்டையும் வேணாம்னுட்டு எங்க அண்ணன் எதைக் கண்டு என்னை உங்களுக்குக் கட்டி வச்சாரு என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அண்ணன் காரணம் இல்லாமல் செய்ய மாட்டார், இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று இத்தனை வருஷமாக அவள் என்னிடம் தேடிக்கொண்டிருக்கிறாள் பாவம். நான் தலையைச் சொறிந்துகொண்டு, எனக்கும் தெரியலையே என்று சொன்னேன். சரி, சாப்பிடுங்க, இட்லி ஆறிப் போவுது என்றாள், என்னைப் பார்த்தே சொன்னாள்.

ஆகவே இங்கே இப்போது பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே குளிர் ஆரம்பிக்கும் முன் பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கிவிடு, மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து வரும்வரை நீ பட்டினி கிடக்காதே, பொழுதோடு சாப்பிட்டுவிடு. ரத்னாவதி அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இரண்டு வரி எழுதினாலும் போதும். நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
ஆ. தர்மசேனன்

பி.கு. உன் அம்மா பக்கத்து வீட்டு அம்மணியோடு கடைவீதிக்குப் போயிருக்கிறாள், கவரை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். உன் மாமா எதைக் கண்டு எனக்குப் பெண் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். நிச்சயம் ஆன அன்று என்னைத் தெருமுனைவரை கொண்டுவிட வந்தவர், மாப்ள, தப்பா நெனச்சிக்காதே, வந்த ரெண்டு வரனும் உன்னை விட ஒசத்திதான், ஆனா அவங்க ஊரு தூரம், உன் வூடு பக்கத்துத் தெரு, கடைக்குப் போறப்போ என் தங்கச்சி மொகத்தை ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போவேன் என்று சொன்னார். இதை உன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்ததாக, அப்ப நம்ம பொண்ணை மட்டும் ஏன் அவ்ளோ தூரத்துல குடுத்தீங்க என்று கேட்பாள். அதற்குத்தான் தெரியலையே என்றேன்.